பற்றற்ற செவி

மிரட்டல் என்பது சமூகவியல் சமாச்சாரம், இலக்கிய விமர்சகனுக்கு அதில் வேலை இல்லை என்பது நமது சின்ன வட்டத்தில் ஏறக்குறைய ஒரு கௌரவமான கொள்கையாகவே ஆகிவிட்டது. தொழிற்சங்கம், சங்கத் தேர்தல், கதவடைப்பு இவையெல்லாம் முற்போக்கு முகாமின் பங்கு. பிரதி, படிமம், மௌனம் இவை நம் பங்கு. இந்தப் பாகப்பிரிவினையில் இரு தரப்புக்கும் திருப்திதான். அவர்கள் சொற்களைப் பற்றிக் கவலைப்படாமல் தொழிலாளியைப் பற்றிப் பேசலாம். நாம் எந்த மனிதனைப் பற்றியும் கவலைப்படாமல் சொற்களைப் பற்றிப் பேசலாம்.

இதை ஆட்சேபிக்க நான் தொழிற்சங்கவாதியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு வாக்கியத்தின் அர்த்தம் எங்கே இருக்கிறது - எழுதியவன் மனசிலா, காகிதத்திலுள்ள சொற்களிலா, கேட்பவனிடத்திலா - என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதானே நாம் இத்தனை வருஷம் பத்திரிகை நடத்தினோம்? அந்தக் கேள்வி யாருக்காவது சோற்றுப் பிரச்னையாக ஆகிற இடம் ஒன்று உண்டென்றால் அது சங்கத் தேர்தல் பிரச்சாரம். (பிரச்சாரம் என்ற சொல்லை நாம் வசையாக மட்டுமே பிரயோகித்துப் பழகியவர்கள், அதற்குச் சாதாரண அர்த்தமும் உண்டு.) அங்கே, இன்ன வாக்கியம் மிரட்டலா வெறும் பேச்சா என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். பன்முக அர்த்தச் செறிவு கொண்டது என்று எழுதிவிட்டு நழுவ முடியாது.

நான் மனசில் வைத்திருப்பது ஒரு குறிப்பிட்ட சம்பவம். அமெரிக்காவில், மாஸாசூஸெட்ஸ் மாநிலத்து ஹோல்யோக் ஊரில் சின்க்ளேர் என்று ஒரு கம்பெனி. கம்பி நெய்கிற ஆலை. அங்கிருந்த நெசவாளர்களுக்கு ஒரு காலத்தில் சங்கம் இருந்தது. 1952-இல் மூன்று மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. ஆலை மறுபடி திறந்தபோது சங்க ஒப்பந்தம் இல்லை. 1965-இல் டீம்ஸ்டர்ஸ் சங்கம் அங்கே வந்து ஆள் சேர்த்தது. 14 நெசவாளர்களில் 11 பேர் சங்க அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி அட்டைகளை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாட்டுச் சட்டப்படி, தொழிலுறவு வாரியம் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று. தேதி 1965 டிசம்பர் 9.

அட்டை விவகாரம் தெரிந்த நாளிலிருந்து கம்பெனித் தலைவர் தொழிலாளர்களிடம் பேச ஆரம்பித்தார். அவர் பேசிய விஷயங்களைப் பாருங்கள். 1952 வேலைநிறுத்தம் கம்பெனியைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. கம்பெனியின் நிதிநிலைமை இன்னமும் ஆட்டம் கண்டுகொண்டுதான் இருக்கிறது. இந்தச் சங்கமோ வேலைநிறுத்தப் பைத்தியம் பிடித்தது. வேலைநிறுத்தம் வந்தால் ஆலையை மூட நேரலாம், ஏனென்றால் தாய்க் கம்பெனிக்கு வேறு இடங்களில் ஆலைகள் இருக்கின்றன. உங்களுக்கோ வயசாகிவிட்டது, உங்கள் கைத்தொழிலும் வேறு எங்கும் செல்லுபடியாகாதது; இந்த வேலை போனால் இன்னொன்று கிடைப்பது கஷ்டம். சந்தேகமிருந்தால் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள், எத்தனை ஆலைகள் மூடிக் கிடக்கின்றன.

தேர்தல் நெருங்க நெருங்க துண்டுப்பிரசுரங்கள் வந்தன. 13 வாரம் நடக்கும் இன்னொரு வேலைநிறுத்தம் வேண்டுமா என்று ஒன்று கேட்டது. ஒரு கேலிச்சித்திரமும் வந்தது: கல்லறைத் தோட்டம், சங்கங்களால் செத்ததாகச் சொல்லப்பட்ட ஆலைகளின் பெயர் பொறித்த கற்கள், நடுவில் சின்க்ளேர் கம்பெனிக்காக ஒரு குழி தயாராகிக்கொண்டிருக்கிறது.

சங்கம் 7-க்கு 6 என்று தோற்றது. அட்டையில் கையெழுத்திட்ட 11 பேரில் குறைந்தபட்சம் ஐந்து பேர் சங்கத்துக்கு வாக்களிக்கவில்லை என்பது சாதாரணக் கழித்தல் கணக்கு.

இப்போது நம் நண்பர்கள் பாணியில் இந்தப் பிரதியை 'நெருங்கி' வாசிப்போம். 'உன்னை வேலையை விட்டு நீக்குவேன்' என்று ஒரு வாக்கியமாவது இருக்கிறதா? இல்லை. 'நான்' என்ற சொல்லே அபூர்வம். எல்லாம் சரித்திரம், புள்ளிவிவரம், அனுதாபம், ஒரு ஹாஸ்யச் சித்திரம். கம்பெனியின் வாதமும் இதேதான்: சொன்னது அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்லப் பேச்சுச் சுதந்திரம் உண்டு. சட்டமும் அவர்களுக்கு ஓரளவு சாதகம். 1947-இல் திருத்தப்பட்ட தொழிலுறவுச் சட்டம், பழிவாங்கும் மிரட்டலோ பலாத்கார மிரட்டலோ ஆதாய வாக்குறுதியோ இல்லாத வரையில் முதலாளியின் கருத்து வெளிப்பாடு குற்றமாகாது என்றது. பேச்சுச் சுதந்திரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் எழுத்தாளர்களில் பாதிப்பேர் பேனாவைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போட வந்திருப்பார்கள். யாருடைய சுதந்திரம் என்று கேட்பதெல்லாம் சில்லறை விஷயம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வேறு மூன்று கம்பெனிகளின் வழக்குகளோடு சேர்த்து, கிஸ்ஸல் என்ற இறைச்சிக் கம்பெனியின் பெயரில், 1969 ஜூனில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள்தான் இருந்தன. அந்தத் தீர்ப்பில் ஒரு பத்தி, நமது விமர்சனக் கட்டுரைகள் பலவற்றைவிடக் கூர்மையானது. அதன் சாரம் இது: முதலாளியின் பேச்சை அது பேசப்பட்ட சூழலில் வைத்தே எடைபோட வேண்டும். தொழிலாளி பொருளாதார ரீதியில் முதலாளியைச் சார்ந்திருப்பவன். அந்தச் சார்பின் காரணமாகவே, பற்றற்ற ஒரு செவி லேசாக ஒதுக்கிவிடக்கூடிய உட்குறிப்புகளை அவன் செவி பிடித்துக்கொள்கிறது.

பற்றற்ற செவி. பற்றற்ற என்றதும் நமக்கெல்லாம் ஒரு ஆன்மீகக் கிளுகிளுப்பு உண்டாகிவிடுகிறது. ஆனால் நீதிமன்றம் அந்தச் செவியை உயர்ந்த செவியாகக் கருதவில்லை. பந்தயத்தில் எதுவும் வைக்காதவனின் செவி என்றுதான் சொல்கிறது. வேலை போகும் பயம் அந்தச் செவிக்கு இல்லை. ஆகவே மிரட்டலும் அதற்குக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் தீர்ப்பு சொல்லிற்று. எதிர்காலத்தைப் பற்றி முதலாளி ஊகம் சொல்லலாம். அது ஸ்தூலமான ஆதாரத்தின் மேல் நிற்க வேண்டும். தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விளைவுகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். மழை வரும் என்று வானிலைக்காரர் சொல்வது ஊகம். கதவு மூடிக்கொள்ளும் என்று சாவியைக் கையில் வைத்திருப்பவன் சொல்வது வேறு. சின்க்ளேர் விஷயத்தில் ஆதாரமும் இல்லை. சங்கம் இன்னும் ஒரு கோரிக்கைகூட வைத்திராதபோது அது வேலைநிறுத்தம் செய்தே தீரும் என்பதற்கு ஒன்றும் இல்லை. சுற்றுவட்டாரத்து ஆலைகள் சங்கங்களால்தான் மூடப்பட்டன என்று சொல்லத் தன்னிடம் ஆதாரமில்லை என்று விசாரணையில் தலைவரே ஒப்புக்கொண்டார். கல்லறைக் கற்களின் கதி இதுதான்.

நம் பாஷைக்கு இதில் தனித் திறமை உண்டு. 'மூடுவேன்' என்று எவனும் சொல்வதில்லை. 'மூடவேண்டி வரும்', 'மூடும்படி ஆகிவிடும்'. வினை இருக்கிறது; வினைமுதல் கண்ணில் படாது. 'பிள்ளைகுட்டிக்காரர், யோசிச்சு நடந்துக்குங்க.' 'உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.' 'அப்புறம் உங்க இஷ்டம்.' மரியாதைப் பன்மையிலேயே வரும். டேப்பில் பதிவு செய்து கோர்ட்டில் போட்டால் ஒரு பெரியவரின் கரிசனமாகத்தான் கேட்கும். கரிசனத்தின் இலக்கணத்தையும் மிரட்டலின் இலக்கணத்தையும் இவ்வளவு ஒன்றுபோல ஆக்கி வைத்திருக்கிற ஒரு மொழியில் விமர்சனம் செய்கிறவர்கள், இதைக் கவனிக்கக்கூட இல்லாமல் படிமத்தை எண்ணிக்கொண்டிருப்பது விசித்திரம்.

விம்ஸட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் ஆசிரியனின் நோக்கத்தையும் 1949-இல் வாசகனிடம் நிகழும் விளைவையும் விமர்சனத்திலிருந்து வெளியேற்றினார்கள். கவிதைக்கு அது ஒரு சமயம் தேவைப்பட்ட சுத்திகரிப்பு. இங்கே அதை வேத வாக்காக இறக்குமதி செய்தவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று: நோக்கத்தைப் பார்க்காதே, விளைவைப் பார்க்காதே, காகிதத்தில் இருப்பதை மட்டும் பார் என்பது சின்க்ளேர் கம்பெனி வக்கீலுக்கு எத்தனை சௌகரியமான கொள்கை!

மேற்கே போவானேன், நம் மரபில் த்வனி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சூரியன் அஸ்தமித்துவிட்டது என்ற அந்தப் பழைய உதாரணத்தை அலங்கார சாஸ்திரிகள் எதற்குச் சொன்னார்கள்? மாடு மேய்ப்பவனுக்கு ஒரு அர்த்தம், காதலனைப் பார்க்கக் கிளம்புகிறவளுக்கு ஒன்று, திருடனுக்கு இன்னொன்று. யார் சொல்கிறான், யாரிடம் சொல்கிறான் என்பதை மம்மடர் பட்டியல் போட்டே வைத்திருக்கிறார். நம் த்வனிக்காரர்கள் அந்தப் பட்டியலைச் சௌகரியமாகத் தொலைத்துவிட்டு, சஹிருதயனை மட்டும் சாய்வுநாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். அவனுக்கு அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றிக் கவலை கிடையாது.

முற்போக்கு நண்பர்கள் இதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் பொறுக்கட்டும். அவர்கள் செவியும் ஒரு பக்கம்தான் கேட்கிறது.

1964-இல் அதே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தேர்தலுக்கு முன் முதலாளி தருகிற சலுகையும் மிரட்டலாகலாம் என்றது. இன்று கொடுக்கிற கைதான் நாளை நிறுத்தவும் முடியும் என்பது தொழிலாளிக்குப் புரியாமல் போகாது. வெல்வெட் உறைக்குள்ளே இருப்பது முஷ்டி. நமது தொழில் தகராறுச் சட்டத்தில் 1982 திருத்தம் சேர்த்த ஐந்தாவது அட்டவணையிலும் இது இருந்தது. சங்கம் சேர்ந்தால் நீக்குவேன், மூடுவேன் என்ற மிரட்டல்களுக்குப் பக்கத்திலேயே, சங்கம் உருவாகும் முக்கியமான கட்டத்தில் சம்பளம் உயர்த்திக் குழிபறிப்பதும் முறையற்ற செயலாகச் சொல்லப்பட்டிருந்தது. இதையெல்லாம் முற்போக்காளர் மேடையில் ஒப்பிப்பார்.

ஆனால் 1969-இல் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் நடந்ததை ஒப்பிக்க மாட்டார். தலைவர் டோனி பாயிலை எதிர்த்து ஜோசப் யப்லான்ஸ்கி போட்டியிடுகிறேன் என்று அறிவித்தார். சில வாரங்களுக்குள் பாயில் ஓய்வுபெற்றவர்களின் மாதப் பென்ஷனை 115 டாலரிலிருந்து 150 டாலராக உயர்த்தினார். ஓய்வுபெற்றவர்களுக்கும் அந்தச் சங்கத்தில் ஓட்டு உண்டு. அதே வெல்வெட், அதே முஷ்டி. அணிந்திருந்தவர் தொழிலாளர் தலைவர். தேர்தலில் நடக்கும் அட்டூழியங்களை விசாரிக்கும்படி யப்லான்ஸ்கி தரப்பு அரசாங்கத் தொழில் இலாகாவைக் கேட்டது. தேர்தல் முடியட்டும் என்றது இலாகா. பற்றற்ற செவி அரசாங்கத்துக்கும் உண்டு. வாக்குப்பதிவு 1969 டிசம்பர் 9 அன்று - ஹோல்யோக்கின் அதே தேதி, நான்கு வருஷம் கழித்து. யப்லான்ஸ்கி தோற்றார், முடிவை எதிர்த்து முறையிட்டார். டிசம்பர் 31 அன்று பென்சில்வேனியாவில் அவர் வீட்டில் அவரும் மனைவியும் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கூலி கொடுத்த பணம் சங்கப் பணம். 1972-இல் நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. அந்த டிசம்பரில் நடந்த மறுதேர்தலில் பாயில் தோற்றார். 1974-இல் அந்தக் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார்.

கொலையை எல்லோரும் கண்டிக்கத் தயார். அது சுலபம். ஜூனில் வந்த 35 டாலர் உயர்வை யார் வாசித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

நீதிமன்றங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஹோல்யோக் நெசவாளர்களுக்கு நியாயம் வந்து சேர மூன்றரை வருஷம் ஆயிற்று. மிரட்டல் வேலை செய்ய மூன்றரை வாரம் போதும்.

உத்தியும் நின்ற இடத்தில் நின்றுவிடவில்லை. 2021-இல் அலபாமா மாநிலத்து பெஸ்ஸெமர் ஊரில், அமேசான் கிடங்கில் தபால் வழி வாக்கெடுப்பு. கட்டாயக் கூட்டங்கள், போனில் குறுஞ்செய்திகள், கழிப்பறைக்குள்ளும் சங்க எதிர்ப்பு அறிவிப்புகள். கிடங்கின் வாசலிலேயே ஒரு தபால்பெட்டியைக் கம்பெனி கேட்டு வாங்கி நிறுத்தியது. அதைச் சுற்றி ஒரு கூடாரம். கண்காணிப்புக் காமிரா இருக்கிற வளாகம். 1,798-க்கு 738 என்று சங்கம் தோற்றது. தபால்பெட்டி தபால்பெட்டிதான், வாக்களிக்க வசதி செய்துகொடுத்தோம் என்றது கம்பெனி. வாரியத்தின் பிராந்திய அதிகாரி அந்தப் பெட்டியைச் சரியாக வாசித்தார்: தேர்தலையே கம்பெனி நடத்துகிறது என்ற எண்ணத்தை அது தொழிலாளியிடம் உண்டாக்கிற்று என்று சொல்லி, மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். அது 2022-இல் நடந்தது. அதிலும் தகராறு, 2024 நவம்பரில் ஒரு நீதிபதி மூன்றாவது தேர்தலுக்கு உத்தரவிட்டார்.

அந்தக் கூடாரத்தின் மேல் ஒரு வாசகம் எழுதியிருந்தது. 'உங்களுக்காக நீங்களே பேசுங்கள்.' சொற்கள் எளிமையானவை, படிமம் இல்லை, யாப்புப் பிழையும் இல்லை. இதில் பேசுகிறவர் யார் என்று நம் பிரதி நண்பர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.