சட்டமும் ரியல் எஸ்டேட்டும் ஒரே டிகிரியில் படிக்க முடியுமா? குமரி மாவட்ட மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை ஒரு முறை பேருந்தில் போனாலே போதும். ‘மனைகள் விற்பனைக்கு’ என்ற போர்டுகள் வழியெங்கும் கண்ணில் படும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், ‘வக்கீலுக்குப் படிச்சுட்டு அப்படியே ரியல் எஸ்டேட்டும் பண்ணலாமே’ என்ற பேச்சு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா? படித்தால் இரண்டு தொழிலையும் சேர்த்துச் செய்ய முடியுமா? குமரி மாவட்டத்துக்கு இந்தப் படிப்பு ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பட்டமாக இருக்கிறதா?

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சட்டத்தையும் சொத்து மேம்பாட்டையும் இணைத்து இரட்டைப் பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் அந்தப் பெயரில் பட்டம் கிடையாது. இங்கே இருப்பது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு.

சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.ஏ., பி.பி.ஏ., பி.காம். ஆகியவற்றோடு எல்.எல்.பி. சேர்த்துப் படிக்கலாம். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் தேர்வு எழுத வேண்டும். குமரி மாணவர்களுக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பது திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி.

ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாமா?

ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கலாம் என்று 2022-ல் யுஜிசி அனுமதி கொடுத்தது. ஆனால் சட்டப் படிப்புக்கு இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகளும் பொருந்தும். சட்டம் படிக்கும்போது இன்னொரு ரெகுலர் பட்டப் படிப்பில் சேரக் கூடாது என்கின்றன அந்த விதிகள். தொலைதூரக் கல்வி, மொழி மற்றும் கம்ப்யூட்டர் தொடர்பான குறுகிய காலப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இது தெரியாமல் இரண்டு இடத்தில் ஃபீஸ் கட்டினால், பின்னால் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது சிக்கல் வரலாம்.

குமரி நிலம் ஏன் வேறு மாதிரி?

1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்தது. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதனால் இங்கே பழைய மூலப்பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். ஆண்டும் கொல்லம் ஆண்டாக இருக்கும். பத்திரத்தில் 1092 என்று இருந்தால் அது 1916-17.

மொழியும் ஆண்டும் மட்டுமல்ல, வாரிசு முறையும் வேறு. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது இந்த முறையால் வந்த குடும்பச் சண்டைகளைக் கிண்டல் செய்துதான். பிறகு திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

மகள்களின் பங்கு: 1986 தீர்ப்பு என்ன சொன்னது?

குமரி மாவட்ட மக்களில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள் என்கிறது 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது.

இதை எதிர்த்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது. அந்தச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

இதனால் இன்றைக்கு என்ன? அப்பா 1960-களில் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு நிலத்தை விற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலம் நான்கு கை மாறி இன்று மனையாக வந்தாலும், ‘சகோதரிகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா?’ என்ற கேள்வி அப்படியே நிற்கும். ‘பட்டா இருக்கு, பயப்படாதீங்க’ என்று சொன்னால் அது இதற்குப் பதில் ஆகாது. பட்டா வருவாய்த் துறை ஆவணம்தான். அது மட்டுமே உரிமையை நிரூபித்துவிடாது.

மனை போட எங்கெல்லாம் தடை?

கேரளாவில் நெல் வயலைக் காக்க 2008-ல் தனிச் சட்டம் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள வயல்களுக்கு அது பொருந்தாது. இங்கே வயலை மனையாக்க நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வாங்க வேண்டும்.

மலையோரக் கிராமங்களில் ‘ஹாகா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு உண்டு. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்தை, 1949-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. கடற்கரை ஓரத்தில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மனை வாங்கியவர்கள் பலர் விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல் திண்டாடியது அப்போதுதான். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதே ஆண்டு ‘ரெரா’ சட்டமும் முழுமையாக அமலுக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்.

வக்கீலே புரமோட்டர் ஆகலாமா?

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் நேரடியாக எந்த வியாபாரமும் நடத்தக் கூடாது என்கின்றன பார் கவுன்சில் விதிகள். நிர்வாகத்தில் தலையிடாத பங்குதாரராக இருக்கலாம், அதுவும் அந்தத் தொழில் வழக்கறிஞரின் கண்ணியத்துக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். ஆக, படிப்பைச் சேர்க்கலாம், தொழிலைச் சேர்க்க முடியாது. புரமோட்டர் ஆவதா, வக்கீல் ஆவதா என்று ஒரு கட்டத்தில் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

பி.பி.ஏ. அல்லது பி.காம். சேர்ந்த ஐந்தாண்டு சட்டப் படிப்பு ஒரு வழி. முதலில் சிவில் இன்ஜினியரிங் அல்லது திட்டமிடல் படித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்வது இன்னொரு வழி. எதை எடுத்தாலும் சொத்து மாற்றுச் சட்டம், பதிவுச் சட்டம், தமிழ்நாட்டு நிலச் சட்டங்கள், வாரிசுரிமை ஆகிய பாடங்களில் கவனம் வேண்டும். குமரியில் வேலை பார்க்க நினைப்பவர்கள் மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொள்வது கூடுதல் பலம்.

வேலைக்கும் பஞ்சம் இல்லை. வங்கிகளுக்கு வீட்டுக் கடன் ஆவணங்களைச் சரிபார்த்து சட்டக் கருத்துரை கொடுக்கலாம். கட்டுமான நிறுவனங்களில் சட்டப் பிரிவில் சேரலாம். ரெரா ஆணையத்தில் வீடு வாங்கியவர்களுக்காக வாதாடலாம்.

வளைகுடாவில் பல வருஷம் உழைத்த காசில் ஐந்து சென்ட் வாங்க வரும் ஒருவர் முதலில் கேட்பது, ‘இந்த பிரமாணம் சரியா இருக்கா?’ என்பதைத்தான். அதற்குத் துணிந்து பதில் சொல்லத் தெரிந்தவர்களின் தேவை குமரியில் குறையப்போவதில்லை.