பெட்டி நம் வீட்டில், பூட்டு யார் கையில்?



காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தால், கணக்கு முடித்துக் கதவைச் சாத்த இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. ஊரார் தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம்தான் நமக்கு வியாபார நேரம். ஆகவே நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்து, ஓய்வு கிடைக்கும்போது பார்ப்பது நமக்கு ஆடம்பரம் அல்ல, தேவை.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். 2023 மே 29 அன்று ஐ.பி.எல். இறுதி ஆட்டம். விடியற்காலையில் சரக்கு இறக்க வேண்டியிருந்ததால், கேபிள் எச்.டி. பெட்டியில் பென்டிரைவைச் செருகி, இரவு 12 மணி வரை பதிவாகும்படி நேரம் குறித்துவிட்டுப் படுத்துவிட்டோம். மழையால் சென்னை அணியின் ஆட்டம் மூன்று பந்தோடு நின்று, நள்ளிரவுக்குப் பிறகே தொடர்ந்தது. கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா அடித்த ஆறும் நான்கும் எங்கள் பதிவில் இல்லை. அது எங்கள் கணக்குப் பிழை. யாரையும் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் அடுத்து நடந்தது எங்கள் பிழை அல்ல. மழைக்காலத்தில் இடி விழுந்து பெட்டி கெட்டது. வேறு பெட்டி வந்தது. பழைய பென்டிரைவைச் செருகினால், பல மாதங்களாகச் சேர்த்து வைத்த பதிவுகளில் ஒன்றுகூட ஓடவில்லை. கணினியிலும் திறக்கவில்லை. விசாரித்தபோது, "அந்தப் பெட்டியில் எடுத்தது அந்தப் பெட்டியில்தான் ஓடும்" என்று பதில் வந்தது. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

வி.சி.ஆர். காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. நம் வீட்டில் பதிவு செய்த கேசட் மாமன் வீட்டிலும் ஓடியது. கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோதுதான் நிலைமை மாறியது. தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் பெற்று, அவ்வாண்டிலேயே செட்டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. படம் தெளிவானது, சேனல்கள் கூடின. கூடவே பூட்டும் வந்தது.

அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கேபிளில் வரும் கட்டணச் சேனல்கள் மறைகுறியாக்கப்பட்டு வருகின்றன. அதைத் திறக்கும் சாவி செட்டாப் பெட்டிக்குள் மட்டுமே உள்ளது. எனவே தொலைக்காட்சிப் பெட்டியில் யு.எஸ்.பி. துளை இருந்தாலும், அதைக் கொண்டு கேபிள் கட்டணச் சேனலைப் பதிவு செய்ய முடியாது. செட்டாப் பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயரிலும் நகலெடுப்பதைத் தடுக்கும் இன்னொரு பூட்டு உண்டு. நடுவே பதிவுக்கருவியை மாட்டினால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் கிடைக்கும்.

மிச்சமிருக்கும் வழிகள் மூன்று. முதலாவது, பதிவு வசதியுள்ள எச்.டி. பெட்டியைக் கேபிள்காரரிடமே கேட்டு வாங்குவது. இரண்டாவது, உள்ளேயே வட்டு வைத்த டி.டி.எச். பெட்டி. டாடா ஸ்கை நிறுவனம் 2008-லேயே இவ்வகைப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்விரண்டிலும் பதிவு அந்தப் பெட்டியோடு கட்டுண்டது. மூன்றாவது, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயர் வழியாகத் தனிப் பதிவுக்கருவிக்கு எடுப்பது. இப்பதிவு நம்மிடமே இருக்கும். ஆனால் எச்.டி. தெளிவு போய்விடும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம் 720-க்கு 576 ஆகக் குறைந்துவிடும்.

இடக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வினாடிக்கு 8 மெகாபிட் வீதம் வரும் எச்.டி. நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி. இடம் பிடிக்கும். 32 ஜி.பி. பென்டிரைவில் எட்டு மணி நேரம் கொள்ளும், அவ்வளவுதான்.

இனி சட்டம். வீட்டில் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வது குற்றமோ என்று அஞ்சுவோர் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984-ல் சோனி வீடியோ ரெக்கார்டர் வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது தவறல்ல என்றே தீர்ப்பளித்தது. அந்தப் பதிவைப் பிரதி எடுத்து விற்பதும், காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டுவதும் வேறு விஷயம். உரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால், 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பூட்டை உடைக்கும் கருவி என்று சொல்லிச் சந்தையில் வருவதை நம் கடைகளில் அடுக்க வேண்டாம்.

ஆக, பதிவு செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. பதிவை வைத்துக்கொள்ள முடியாது என்று பெட்டி சொல்கிறது. இதுதான் நம் குறை.

சேவையாளரை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டிய நிலையைத் தீர்க்க, எந்தச் சேவைக்கும் பொருந்தும் பெட்டி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் கேபிள்கார்டு என்ற சாவி அட்டையைத் தனியாகத் தந்து, வேறு நிறுவனப் பதிவுக்கருவிகளிலும் எச்.டி. பதிவுக்கு வழி செய்தார்கள். செல்போனில் சிம் கார்டை மாற்றிப் போட்டுக்கொள்கிற நாட்டில், கேபிளுக்கு மட்டும் ஏன் அது கூடாது? பரிந்துரை ஏட்டோடு நிற்காமல் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது நம் கோரிக்கை.

கோரிக்கை வைக்கும் நாம் நம் பங்கையும் செய்ய வேண்டும். நம் சங்கத்தில் மின்சாதனக் கடை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். "எச்.டி. பதிவு வசதி" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே ஒப்பிக்க வேண்டாம். எந்தச் சேனல் பதிவாகும், எந்த அளவு பென்டிரைவ் ஏற்கும், பதிவு வேறு பெட்டியில் ஓடுமா என்பதைக் கடையிலேயே ஓட்டிக் காட்டுங்கள். ஓடாது என்றால் ரசீதில் ஒரு வரி எழுதுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளரோடு விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. அதைவிடப் பெரிது வாடிக்கையாளரின் நம்பிக்கை. வேறு அரிசியைப் பொன்னி என்று சொல்லி விற்றால், அடுத்த மாதம் அவர் நம் கடைப் படி ஏற மாட்டார்.

மளிகைக் கடைக்காரர்களாகிய நாம் வாங்கும் பக்கத்தில் நிற்கிறோம். முத்திரை பார்க்காமல் தராசு வாங்குவோமா? அதே கவனம் இதிலும் வேண்டும். பிள்ளைகளின் அரங்கேற்றம், உள்ளூர்த் திருவிழா போன்ற, திரும்பக் கிடைக்காத காட்சிகளைப் பெட்டியை நம்பி விட வேண்டாம். காட்டியவரிடமே பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரலில் நம் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் தோண்டியபோது, தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகள் கிடைத்ததை ஊரே போய்ப் பார்த்தது. மண்ணுக்குள் கிடந்த ஏட்டை எடுத்துத் துடைத்தால் இன்றும் படிக்க முடிகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் பதிவு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. விலை கொடுத்தவனுக்குப் பொருள் முழுதாகச் சேர வேண்டும் என்பது வணிகத்தின் முதல் நியாயம். அந்த நியாயத்தைத்தான் கேட்கிறோம்.