எஞ்சிய துணியும் ஏற்றமிகு பரிசும்

தையல் இயந்திரம் உள்ள இல்லம் எதுவாயினும் அங்கே ஒரு துணி மூட்டையும் இருக்கும். மகளுக்குப் பாவாடை தைத்தபோது எஞ்சிய பூத்துணி, மகனின் காற்சட்டை நீளத்தைக் குறைத்தபோது விழுந்த துண்டு, யன்னற் சீலையின் ஓரம், பாடசாலைச் சீருடையில் மிஞ்சிய வெள்ளைக் கீற்று ஆகிய யாவும் ஒரு பழைய தலையணை உறைக்குள் திணிக்கப்பட்டு அலுமாரியின் அடித்தட்டிலே கிடக்கும். எறிந்துவிட மனம் வராது. எடுத்துப் பயன்படுத்த நேரமும் வாய்க்காது. சிங்கர் நிறுவனம் 1877 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த நாள் தொடக்கம் எமது வீடுகளில் இம்மூட்டைகளும் வளர்ந்து வருகின்றன என்று கூறினால் அது மிகையாகாது.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது எம் முன்னோர் வாக்கு. அம்மூட்டையிலிருந்து பிறருக்கு மனமுவந்து கொடுக்கத்தக்க பரிசுகளைச் செய்தல் எவ்வாறு என்பதனை இவ்வாரம் நோக்குவோம்.

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் முதலாந் திகதி சிறுவர் தினமும் 6 ஆந் திகதி ஆசிரியர் தினமும் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் என்று பரிசு கொடுக்கும் நாள்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போது கடைக்குச் சென்று பரிசு வாங்குதல் எத்தனையோ குடும்பங்களுக்கு இயலாத காரியமாயிற்று. அக்காலத்தில் மூட்டையை அவிழ்த்த தாய்மார் பலர். ஆயினும், வீட்டிலே தைத்த பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் நுழையும் பிள்ளையின் மனத்திலே ஓர் அச்சம் எழுவதுண்டு. பக்கத்து மேசைத் தோழி பளபளக்கும் கடைத்தாளிலே சுற்றிய பெட்டியை நீட்டும்போது, தன் பரிசைக் கண்டு பிறர் நகைப்பரோ என்பதே அவ்வச்சம்.

இவ்வச்சத்தை வெறும் பிள்ளைத்தனம் என்று நாம் தள்ளிவிடுதல் கூடாது. தையல் கோணலாகி, ஓரம் பிரிந்து, நூல் தொங்கும் பை ஒன்றை எவர் பெற்றாலும் அது அவருக்குச் சுமையே. பெற்றவர் அதனைப் பயன்படுத்தவும் மாட்டார். கொடுத்தவரின் மனம் நோகுமே என்று எறியவும் மாட்டார். எஞ்சியதைக் கொடுப்பது வேறு. எஞ்சியதைக் கொண்டு ஒருவருக்கென்றே செய்து கொடுப்பது வேறு. முன்னது கழிவு, பின்னது பரிசு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது துணியின் விலையன்று. பெறுபவரை நினைந்து தைத்த கவனமேயாகும்.

வங்காளத்துப் பெண்கள் இதற்குச் சிறந்த சான்றாவர். நைந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுண்ணிய ஓடுதையலால் இணைத்து அவர்கள் செய்யும் விரிப்புக்குக் காந்தா என்று பெயர். பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூல்களே அத்தையலுக்குப் பயன்பட்டு வந்தன. பிறந்த குழந்தைக்கும் மணமக்களுக்கும் அதனைப் பரிசாக அளிப்பது அவர்தம் வழக்கம். கந்தையிலே தோன்றிய அக்கலைப் பொருள்கள் இன்று நூதனசாலைகளிலே பேணப்படுகின்றன. ஆகவே, பழந்துணியிற் செய்த பரிசு தாழ்ந்தது என்னும் எண்ணத்தை முதலில் நாம் களைதல் வேண்டும்.

மூட்டையை அவிழ்த்ததும் முதலிற் செய்யவேண்டியது துணியின் இனத்தை அறிதல். எமது பாட்டிமாரின் மூட்டையில் இருந்தவற்றுட் பெரும்பாலானவை பருத்தியே. 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்டர் இழையை உருவாக்கிய பின்னர் நிலைமை மாறிவிட்டது. இன்று எமது மூட்டையிலே பருத்தி, பொலியெஸ்டர், இரண்டும் கலந்த துணி ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. சந்தேகமான துண்டிலிருந்து நாலைந்து இழைகளை உருவி, குறட்டினாற் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேலே வைத்து நெருப்பிற் காட்டினால் உண்மை புலப்படும். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகிக் கடினமான மணியாகத் திரளும். இச்சோதனையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்.

அடுத்து, துணிகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் நன்று. சேலையில் அமரும் பாகமும், சேர்ட்டில் கழுத்துப்பட்டியும் முழங்கையும் முதலில் நைந்துபோகும். சேர்ட்டின் முதுகுப் பாகமும் சேலையின் உட்சுற்றும் நெடுங்காலம் உறுதியாக இருக்கும். நைந்த பாகத்தைத் தயக்கமின்றி வெட்டி விலக்குக. புதுத்துணித் துண்டுகளை வெட்டுவதற்கு முன்னர் ஒருமுறை நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். பருத்தி முதற் சலவையிலே சுருங்கும் இயல்புடையது. சுருங்கிய துண்டையும் சுருங்காத துண்டையும் சேர்த்துத் தைத்தால், முதல் முறை தோய்த்த அன்றே பரிசு கோணிப்போகும். பாவு நூல் ஓடும் திசையை அறிந்து அதன்படியே வெட்டுதலும் அவசியம். மூலைவாட்டாக வெட்டிய துண்டு இழுபடும். வளைந்த ஓரங்களுக்குக் கரை கட்டுவதற்கு மாத்திரமே அது பொருந்தும்.

இனி, மூன்று பரிசுகளைக் கூறுவோம். ஒவ்வொன்றும் ஒருவரை மனத்திற் கொண்டு செய்யத்தக்கது.

முதலாவது, தோழிக்கோ ஆசிரியைக்கோ ஏற்ற பேனாப் பை. 3 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் கொண்ட 6 துண்டுகளை நீள ஓரங்களில் அரை அங்குலத் தையல் விட்டு இணைத்தால் 10 அங்குல அகலமும் 13 அங்குல நீளமும் உள்ள ஒரு துணி கிடைக்கும். அதில் ஓர் அங்குல நீளத்தைக் கழித்து 12 அங்குலமாக்குக. அதே அளவில் உட்துணி ஒன்று வெட்டி, இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து, அரை அங்குலம் விட்டுச் சுற்றிலும் தைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மாத்திரம் 3 அங்குல வாய் விடுக. நான்கு மூலைகளையும் தையலுக்குச் சமீபமாகச் சரிவாக நறுக்கி, வாய் வழியே புரட்டி, அழுத்தி, அவ்வாயை மூடித் தைத்தால் 9 அங்குலத்துக்கு 11 அங்குல அளவுள்ள துணி அமையும். கீழிருந்து 4 அங்குலம் மேலே மடித்து இரு பக்கமும் தைத்தால் பை உண்டாகும். மேலே எஞ்சிய 3 அங்குலம் மூடியாகும். பழைய சேர்ட்டின் பொத்தான் ஒன்றும் நூற்கண்ணி ஒன்றும் போதும். இயந்திரம் இல்லாதோர் ஊசியைச் சற்றுப் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையலைக் கையாளலாம். அது ஓடுதையலிலும் உறுதியானது.

இரண்டாவது, சமையலறையில் உழைப்பவருக்கான சட்டி பிடிக்கும் துணி. 8 அங்குலச் சதுரமாக வெட்டிய இரண்டு பருத்தித் துண்டுகளுக்கு நடுவே பழைய பருத்தித் துவாயை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, ஓரத்துக்குக் கரை கட்டி, மாட்டி வைக்க ஒரு வளையமும் சேர்க்க. இதிலே பொலியெஸ்டர் கலந்த துண்டு ஒன்றேனும் இருத்தல் ஆகாது. சூட்டில் உருகும் இழை தோலில் ஒட்டினால் தீக்காயம் ஆழமாகும். இதனைப் பரிசளிக்கும்போது, ஈரமான துணியாற் சூட்டுச்சட்டியைப் பிடித்தல் கூடாதென்றும் சொல்லிக் கொடுங்கள். ஈரத்தின் வழியே வெப்பம் விரைந்து கையை எட்டிவிடும்.

மூன்றாவது, பிறந்த குழந்தைக்குரிய விரிப்பு. பச்சிளங் குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியையே பயன்படுத்தும் எமது வழக்கம் பொருளுடையது. பலமுறை தோய்த்த பருத்தியிற் கஞ்சியும் முரட்டுத்தன்மையும் நீங்கி மென்மை மிகுகின்றது. ஒரு பருத்திச் சேலையில் 4 யார் நல்ல துணி தேறுமாயின், அதனை ஒரு யார் நீளமுள்ள 4 மடிப்பாக்கி, காந்தா முறையிலே ஓடுதையல் போட்டால் அழகிய விரிப்பு ஆகும். தாய் பிள்ளையைத் தரையிற் கிடத்தி விளையாட்டுக் காட்டுவதற்கு அது உகந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்ந்த போர்வையும் மெத்தென்ற பொம்மையும் வைத்தல் கூடாது என்பது மருத்துவர் கூற்று. 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான பொருளிற் பொத்தானோ மணியோ தைத்தலும் ஆகாது. கழன்று தொண்டையை அடைத்துவிடக்கூடும்.

வெள்ளைத் துண்டுகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை கூறவேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சீருடைத் துணி வழங்கிவரும் நாடு இது. ஆதலால் வெள்ளைத் துண்டு இல்லாத மூட்டை அரிது. ஆனால் துக்க வீட்டின் நினைவைத் தரும் என்று வெறும் வெள்ளைத் துணியை மங்கல நாளிற் பெறத் தயங்குவோர் எம்மிடையே உளர். அவர்தம் உணர்வை மதித்து, வண்ணக் கரை கட்டியோ, மூலையிலே பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு நூலாற் பின்னியோ லேஞ்சிகளாக்கிக் கொடுத்தால் குறை நீங்கும். புத்தாடையின் மூலையில் மஞ்சள் தடவும் வழக்கமும் இத்தகைய நல்லெண்ணத்தின் பாற்பட்டதே.

மறைந்தோரின் உடைகளைப் பற்றியும் சொல்லவேண்டியுள்ளது. தந்தையாரின் சாரத்தையும் அம்மம்மாவின் சேலையையும் வெட்டி, வெளிநாட்டில் வாழும் உடன்பிறந்தோருக்குத் தலையணை உறை தைத்து அனுப்ப விரும்புவோர் உளர். அது உயர்ந்த பரிசே. ஆயினும் கத்தரிக்கோல் பட்ட துணி மீண்டும் முழுமை பெறாது. ஒருவர் பிரித்துப் பகிர விரும்பும் சேலையை மற்றொருவர் மடித்தபடியே வைத்திருக்க விரும்பலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டு, ஒருவரேனும் தயங்கினால் ஓராண்டு பொறுத்திருங்கள். பரிசொன்று செய்வதற்காக இன்னொருவரின் ஆறுதலைப் பறித்தல் தகாது.

இவற்றையெல்லாம் பெண்பிள்ளைகளுக்கே உரிய வேலை என்று விட்டுவிடுதலும் பிழையாகும். எமது ஊர்த் தையற்கடைகளிலே இயந்திரத்தின் முன் அமர்ந்து பிழைப்பு நடத்திய ஆடவர் எத்தனை பேர்! பொத்தான் தைக்கவும் ஓரம் மடிக்கவும் தெரிந்த மகன், நாளை விடுதியிலும் வெளியூரிலும் பிறர் கையை எதிர்பாராது வாழ்வான்.

பரிசு தைத்து முடிந்ததும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டி, இஸ்திரிக்கை போட்டு மடித்து வையுங்கள். வெட்டும்போது விழுந்த சிறு சிறு நறுக்குகளையும் எறியவேண்டாம். ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தைக்குள் திணிக்க அவை உதவும். பின்னர், பெறுபவரின் பெயரைப் பிள்ளையே தன் கையால் ஒரு சிறு கடதாசியில் எழுதி இணைக்கட்டும். தையலிற் குறையில்லை என்பதைத் தானே சரிபார்த்த பிள்ளை, அப்பரிசை எவர் முன்னிலையிலும் நாணமின்றி நீட்டும்.

ஒக்டோபர் வரும்வரை காத்திராமல், வரும் சனிக்கிழமை பிற்பகல் மூட்டையை அவிழ்த்துத் தரையிலே பரப்புங்கள். இது யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வியோடு ஒவ்வொரு துண்டையும் பிள்ளைகள் கையில் எடுக்கட்டும். கத்தரிக்கோலைப் பின்னர் எடுக்கலாம்.