மலையைக் காப்போம்! மலையடிவாரச் சம்சாரியையும் காப்போம்!



கடன் வாங்கி, உரம் போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்த வாழையைக் காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில் குத்திச் சாய்த்துவிட்டுப் போகிறது. மனு கொடுக்கப் போனால் ஒரு ஆபீசு இன்னொரு ஆபீசைக் கை காட்டுகிறது. அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இந்த எரிச்சலில் நம்மாட்கள் டீக்கடையில் பேசுகிறார்கள்: "புலிக்கு ஒரு சட்டம், சம்சாரிக்கு ஒரு சட்டமா? காடே வேண்டாம்வே!"

கோபம் நியாயமானது. ஆனால் காடே வேண்டாம் என்பது நம் சோற்றில் நாமே மண் அள்ளிப் போடுவது. இதைச் சங்கம் வெளிப்படையாகவே சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். காவிரி விவசாயி தண்ணீருக்குக் கர்நாடகத்தின் முகத்தைப் பார்த்து நிற்கிறான். நமக்கு அந்தப் பாடு இல்லையே, ஏன்? நம் தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. மலையும் நம்முடையது, ஆறும் நம்முடையது. தென்மேற்கு மழையில் கார், வடகிழக்கு மழையில் பிசானம். எட்டு அணைக்கட்டும் பதினோரு கால்வாயும் பாய்வது அந்த மலைத் தண்ணீரால்தான்.

மலையில் பெய்கிற மழையைச் சோலைக்காடு குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் கசிவது அதனால்தான். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றும் மனுஷன் கட்டிய அணை. அதற்கு மேலே நிற்கிற காடு, யாரும் கட்டாத நாலாவது அணை. அது போனால் பெய்த அன்றைக்கு வெள்ளம், அடுத்த மாசம் வறட்சி. அரித்து வருகிற மண் அணையில் படிந்து கொள்ளளவும் குறையும்.

இந்தக் காடு சும்மா தப்பிக்கவில்லை. 1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் சரணாலயம் ஆயின. 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 2001-ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. 2016-ல் யுனெஸ்கோ அதை உலகப் பட்டியலில் சேர்த்தது. அங்கே உள்ள மரஞ்செடி கொடிகள் 2,254 வகை என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. புலியும் சிறுத்தையும் செந்நாயும் பன்னியை அடித்துத் தின்கிறவை. அவற்றை ஒழித்தால் பன்னி குறையுமா, கூடுமா?

அப்படியானால் நம் கோபத்தை எங்கே திருப்புவது? பாதுகாப்பு என்ற பெயரில் ஏழையை மட்டும் நெருக்குகிறார்களே, அங்கே!

மாஞ்சோலையைப் பாருங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா கம்பெனி. காடு தேயிலை ஆனது. கூலி கேட்டுப் போராடிய தொழிலாளிகளுக்காக 1999 ஜூலை 23-ல் நெல்லையில் ஊர்வலம் போனபோது, தடியடிக்கு ஓடி நம் தாமிரபரணியில் 17 உயிர் போனது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளிகளை நிறுத்தினார்கள். தோட்டத்தை அரசு எடுத்து நடத்த உத்தரவிட அந்த டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மறுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது.

தொண்ணூறு வருடத்துக்கு மேல் லாபம் எடுத்தவன் யார்? இன்றைக்கு மூட்டை கட்டுகிறவன் யார்? அந்த நிலம் திரும்பவும் காடாகட்டும், அது நம் தண்ணீருக்கு நல்லது. ஆனால் நாலு தலைமுறை உழைத்தவன் வெறுங்கையோடு மலை இறங்கக் கூடாது. அவனை இறக்கிவிட்டு அங்கே சொகுசு விடுதி ஏறவும் கூடாது.

1990-களில் உலக வங்கிக் கடனில் மலையடிவார ஊர்களில் வனக்குழு போட்டு, பெண்களுக்குத் தொழில் கடனும் மாற்று அடுப்பும் கொடுத்தார்கள். மலையிலிருந்து இறங்கும் விறகுக்கட்டு குறைந்தது. லத்தியால் முடியாதது அப்படி முடிந்தது. சனங்களைச் சேர்த்துக்கொண்டால்தான் காடு நிற்கும்.

நம் பக்கமும் பிசகு உண்டு. வேலியில் கரண்ட் விடுவதும், பன்னிக்கு வெடி வைப்பதும் யானையைக் கொல்லும், நம் பிள்ளையையும் கொல்லும். சங்கத்துக்காரன் எவனும் அதைச் செய்யக் கூடாது.

அரசே! மாவட்ட நிர்வாகமே! எங்கள் கோரிக்கைகள்:

1. பயிர்ச் சேதத்துக்கு 30 நாளில், இன்றைய சாகுபடிச் செலவுக்கு ஏற்ற நஷ்டஈடு கொடு!

2. காப்புக்காட்டுக்கு 3 கி.மீ. அப்பால் வரும் பன்னியை வனத்துறையே சுடும் என்று 2025-ல் அறிவித்ததை ஊர் ஊராக நடைமுறைப்படுத்து!

3. மாஞ்சோலைத் தொழிலாளிக்கு வீடும் நிலமும் வாழ்வாதாரமும் கொடு! அந்த நிலத்தைச் சோலையாக்கு, அந்த வேலையையும் அவர்களுக்கே கொடு!

4. காணி மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தந்த உரிமையை முழுசாகக் கொடு!

5. மலையடிவாரத்தில் புதுக் குவாரிக்கும் சொகுசு விடுதிக்கும் அனுமதி தராதே!

விவசாயிகளே! அடுத்த மாதக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். சேதமான பயிரின் போட்டோவும் அடங்கல் நகலும் கையில் இருக்கட்டும்.

மலை நின்றால் ஆறு நிற்கும்! ஆறு நின்றால் நாம் நிற்போம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், முக்கூடல்.