வெளியில் நிற்கும் மரச்சிலை

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தினுள்ளே அத்தி மரத்தாலான பெருமாள் துயில்கின்றார். 40 ஆண்டுகளுக்கொரு முறையே அவரை வெளியே எழுந்தருளச் செய்வது வழக்கம். 1979இல் எழுந்தருளியவர், 2019ஆம் ஆண்டு யூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் காட்சி தந்து மீண்டும் நீருள் அமர்ந்தார்.

அத்தியோ மெல்லிய மரம். வெளியில் கிடந்தால் விரைவில் உளுத்துவிடும். நீருள் மட்டும் அது நிலைப்பதெங்ஙனம்? பக்தி தரும் விடையோடு விஞ்ஞானம் தரும் விடைக்குப் பகையில்லை. மரத்தை உண்ணும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும்; காற்றும் வேண்டும். நீரில் முற்றும் அமிழ்ந்த மரத்தில் அதற்குப் போதிய காற்றில்லை. நன்கு உலர்ந்த மரத்தில் ஈரமில்லை. நனைவதும் காய்வதுமாக நிற்கும் மரமே அதற்கு விருந்து. இரத்மலானை போன்ற கடலோர ஊரில் முற்றத்திலே மரச்சிலை நாட்ட விரும்புவோருக்கு வாய்ப்பது இந்த விருந்து நிலைதான்!

ஆகவே மரத்தைத் தெரிவதிலேயே பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது. உள்ளே வைரமுடையதை மரமென்றும், புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியர் வகுத்தார். பனையைப் புல்லென்றதும் வகுப்பில் மாணவர் நகைப்பர். மொறட்டுவைத் தச்சர் நகைக்கமாட்டார். எந்த மரமாயினும் வைரத்தைச் சூழ்ந்த வெளிறு, பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும் இரையே. அதனை முற்றாகச் செதுக்கி நீக்கவேண்டும். பாலையின் வைரம் உறுதியானது, ஆனால் உளியை மழுக்கும். தேக்கு உளிக்கு இணங்கும், விலையோ அதிகம். முற்றிய பலாவின் மஞ்சள் வைரம் நம் வீடுகளுக்கு ஏற்றதென்பது என் எண்ணம். அடிமரத்தின் நடுமையம் மட்டும் சிலைக்குள் அகப்படலாகாது. காயும்போது மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. மையம் உள்ளே இருந்தால் சிலையின் முகத்திலேயே பிளவு விழக்கூடும்.

கண்டிக்கருகே எம்பெக்கே தேவாலயத்தின் சித்திரத் தூண்கள் கம்பளை அரசர் காலத்தன, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தன என்பர். அப்பகுதியில் மழைக்குக் குறைவா? சுவரில்லாத அம்மண்டபத்தில் மழையைத் தடுத்து நிற்பது கூரையே. நாமும் சிலைக்கு மேலே சிறு கூரையொன்று அமைக்கலாம். பாதம் மண்ணைத் தொடாமல் கருங்கற் பீடத்தில், அடியில் காற்றோட இடைவெளி விட்டு நிறுத்துக. வார்னிஷ் வெயிலில் வெடிக்கும். வெடிப்பினூடே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து கலந்த எண்ணெயே மேல். மரத்தின் குறுக்குவெட்டு வழியே நீர் மிக விரைவாக உட்புகுமாதலால், ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்னர், சிலையின் உச்சந்தலையிலும் உள்ளங்காலிலும் அவ்வெண்ணெயை ஊற ஊறப் பூசவேண்டும்.