எலுமிச்சம் பழமும் குறி தவறாத குண்டும்

2019-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி பிரெஞ்சு தேசத்து மெரிஞாக் என்னும் ஊரில், நமது ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் ரஃபேல் விமானத்தைப் பெற்றுக் கொண்டார். பெற்றுக் கொண்டவர் சும்மா இருந்தாரா? அதன்மேல் "ஓம்" எழுதினார், தேங்காய் வைத்தார், சக்கரத்தடியில் எலுமிச்சம் பழமும் வைக்கப்பட்டது!

36 விமானங்களுக்குச் சுமார் 59,000 கோடி ரூபாய் பேசிய சர்க்கார் இது. எலுமிச்சம் பழத்துக்குக் காக்கும் சக்தி உண்டென்றால் இத்தனை கோடி எதற்கு? உப்பளத்துக் கடையில் நாலு கூடை பழம் வாங்கி எல்லைக்கு அனுப்பி விடலாமே!

குறி பார்ப்பது மந்திரத்தால் வந்ததல்ல, கணக்கால் வந்தது. 1760-61-ல் இங்கிலீஷ்காரர் நம் புதுச்சேரியைப் பீரங்கியால் மட்டுமா பிடித்தார்கள்? மாதக் கணக்கில் முற்றுகையிட்டு, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டல்லவா பிடித்தார்கள்! வியட்நாமில் தான்ஹோவா என்னும் பாலத்தை அமெரிக்கர் 1965 முதல் வருஷக் கணக்காய்க் குண்டு போட்டும் வீழ்த்த முடியவில்லை. 1972-ல் லேசர் ஒளி பட்ட இடத்தைத் தேடிப் போகும் குண்டு வந்தது; பாலம் விழுந்தது. எந்தப் பூசாரி அங்கே பூசை செய்தான்?

ஆனால், எலுமிச்சம் பழத்தைக் கண்டு சிரிக்கும் படித்தவர்கள் இப்போது வேறொரு சாமியைக் கும்பிடுகிறார்கள். அதன் பெயர் துல்லியம். "இயந்திரம் குறி தவறாது, ஆகவே நிரபராதி சாக மாட்டான்" என்பது அவர்கள் வேதம்.

1991 பிப்ரவரி 13-ல் பாக்தாத் அமீரியாவில் ஜனங்கள் பதுங்கியிருந்த கட்டடத்தின்மேல் இரண்டு குண்டுகள் விழுந்தன. குறி தவறவே இல்லை. செத்தவர்கள் 400-க்கு மேல். 2021 ஆகஸ்ட் 29-ல் காபூலில் ஆளில்லா விமானம் எய்த குண்டும் குறி தவறவில்லை. செத்தவர் 10 பேர். அதில் 7 பேர் குழந்தைகள். எதிரி என்று முதலில் சொன்னவர்களே, பிறகு தப்பு என்று ஒப்புக் கொண்டார்கள். குண்டு தவறவில்லை, ஆளைக் காட்டிய புத்தி தவறிற்று!

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பதையும் இயந்திரமே செய்யட்டும் என்கிறார்கள். கிளி சீட்டு எடுத்தால் நம்புவதற்கும் இதற்கும் என்ன பேதம்?

ஆகையால் தோழர்களே, கேளுங்கள்: குறியைக் காட்டியது யார்? எந்த ஆதாரத்தின் பேரில்? தவறினால் பொறுப்பாளி யார்? இதற்குப் பதில் சொல்லாதவன், கையில் தேங்காய் வைத்திருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் சரி, பூசாரியே!