பிள்ளையவர்களை நம் பிள்ளைகள் அறிவார்களா?

கணித மேதை என்றதும் நம் தமிழ்ப்பள்ளிகளில் இராமானுஜன் பெயர் ஒன்றே ஒலிக்கிறது. அது போற்றத்தக்கதே. ஆயினும், அவர் வரலாற்றைத் தெய்வ அருளால் விளைந்த அற்புதமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதைக் கேட்கும் மாணவன், அவ்வருள் தனக்கு வாய்க்கவில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறான். பெற்றோரும் “என் பிள்ளைக்குக் கணக்கு வராது” என்று தீர்ப்பெழுதிவிடுகின்றனர். ஆகவே, இன்னொரு தமிழரின் வரலாற்றையும் வகுப்பறையில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அவர்தாம் எண்கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளை. 1901-ஆம் ஆண்டு குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். ஓராண்டிலேயே தாயை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். படிப்பு நின்றுவிடும் நிலையில், அவருடைய ஆற்றலை உணர்ந்த பள்ளியாசிரியர் ஒருவர் தம் ஊதியத்திலிருந்து உதவினார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்ற பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். பின்னர் 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

அங்கிருந்தபோது அவர் ஆராய்ந்தது, 1770-இல் எட்வர்ட் வாரிங் எழுப்பிய வினா. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம். சான்றாக, 7 = 4+1+1+1. வர்க்கத்திற்குப் பதிலாக ஆறாம் அடுக்கு என்றால் எத்தனை எண்கள் வேண்டும்? 703-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729, அது 703-ஐ மிஞ்சிவிடும். எனவே பத்து 64-களும் அறுபத்து மூன்று 1-களும் வேண்டும். ஆக மொத்தம் 73. எவ்வளவு பெரிய எண்ணாயினும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-இல் நிறுவியவர் பிள்ளை.

703-ஐப் பிரிக்கும் கணக்கை ஐந்தாம் ஆண்டு மாணவரும் செய்துவிடலாம். எல்லா எண்களுக்கும் அதனை நிறுவுவதற்கோ பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. கணிதம் அருளால் மட்டும் வருவதன்று, விடாமுயற்சியாலும் வருவது என்பதை மாணவருக்கு உணர்த்த இதைவிடத் தக்க சான்று வேண்டுமா?

பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்கா செல்லும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49.

ஆசிரிய நண்பர்களே, வல்லத்துச் சிறுவனைக் கைவிடாத அந்த ஆசிரியரையும் நினைவில் கொள்வோம். நம் வகுப்பிலும் துணையின்றித் தவிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். பெற்றோர்களே, “கணக்கு வராது” என்று சொல்லுமுன் ஒரு மாலைப்பொழுது பிள்ளையோடு அமர்ந்து 703-ஐப் பிரித்துப் பாருங்கள்.